ஜப்பான்காரரும் சவரியும் தோற்கப் போட்டி போட்டது

யசுவோவின் காதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீங்களும் விமானத்தில் காப்பி கொடுத்த பெண்ணைப் போல அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நான் சொல்வது எதுவும் தலையில் ஏறாது. இரண்டு காதும் மடல் இல்லாமல், அவித்துத் தோலுரித்த சேம்பங்கிழங்கு போல உருண்டிருக்கும். வருடக்கணக்கில் அடுத்தவன் கக்கத்துக்குள் தலையைக் கொடுத்து, பாயில் உரசி, ரத்தம் கட்டி இறுகிப்போன காது. ஜப்பானில் அந்தக் காதைப் பார்த்தால் ரயிலில் தள்ளி உட்காருவார்கள். மரியாதையா பயமா என்று எனக்குத் தெரியாது. காலியான இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன்.

நான் அருமனைக்காரன், பெயர் செல்வன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏழாம் வகுப்போடு உறவு முறிந்தது. அதில் லாபம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ரப்பர் பால் வெட்டினேன், பஹ்ரைனில் ஒரு லேபர் கேம்பில் கஞ்சி வைத்தேன், அங்கிருந்து எப்படியோ ஒசாகா பக்கம் ஒரு பஞ்சாபிச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்காரனாகப் போய்ச் சேர்ந்தேன். பஞ்சாப் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் பொதுவாகத்தான் கை காட்டுவேன். தலைப்பாகை கட்டி நாண் சுடுகிற அருமனைக்காரன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கடைக்கு மேல் மாடியில் யசுவோவின் ஜிம். அவர் தொழில் சண்டை. குத்து, உதை, மல்லு, கை கால் பூட்டு எல்லாம் கலந்த கலப்புச் சண்டை. மேலே ஒருத்தனைத் தூக்கிப் போட்டால் கீழே என் பருப்புக் கறியில் சுண்ணாம்பு உதிரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கரண்டியோடு மேலே ஏறினேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். 'நமஸ்தே' சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று மத்தியானம் அவரே வந்து, குனிந்து மன்னிப்புக் கேட்டு, மூன்று பேர் சாப்பாட்டை ஒருத்தராகச் சாப்பிட்டார். அப்படித்தான் பழக்கம்.

2009 நவம்பரில் நான் லீவில் ஊருக்குக் கிளம்பியபோது தானும் வருவதாகச் சொன்னார். உன் ஊரில் யாருக்காவது என்னைத் தெரியுமா என்று கேட்டார். என்னையே பாதிப் பேருக்குத் தெரியாது என்றேன். அப்படியானால் வருகிறேன் என்றார்.

காரணத்தை விமானத்தில்தான் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் கடைசி நாள், நாடே டிவியில் பார்க்க, பெரிய மைதானத்தில் அவர் ஒருவரை ஜெயித்தார். தோற்றவர் அங்கே பெரிய மல்யுத்த நட்சத்திரம். யசுவோ வாழ்க்கையில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம், அவரிடம் பெருமையாகச் சொல்ல இருப்பது அந்த ஒரே ஜெயம். கொஞ்ச நாளில் ஒரு வாரப் பத்திரிகை, நட்சத்திரம் அன்று வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்று எழுதியது. யசுவோவுக்கு ஒன்றும் தெரியாது. நேரில் போய்க் கேட்டிருக்கலாமே என்றேன். அங்கே அப்படிக் கேட்க மாட்டார்களாம். எங்கள் ஊரில் அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதையே நேரில் போய்த்தான் கேட்போம்.

இப்போது அந்த நட்சத்திரம் ஓய்வுபெறப் போகிறார். வருகிற டிசம்பர் கடைசி நாள், ஒரு சின்ன மண்டபத்தில் கடைசிச் சண்டை, எதிராளி யசுவோ. இரண்டாவது சுற்றில் யசுவோ தோற்றுக்கொடுக்க வேண்டும். நடத்துகிறவர் நாசூக்காகக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அன்று அவர் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தால், இன்று நான் விட்டுக்கொடுப்பதுதான் முறை" என்றார் யசுவோ. "விட்டுக்கொடுக்கவில்லையென்றால் நான் தோற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லையே."

யோசிப்பதானால் விமானத்திலேயே யோசித்து முடித்துக்கொள்ளுங்கள், வீட்டில் என் பெண்டாட்டி லீலா இருக்கிறாள், அங்கே யோசிக்க முடியாது என்றேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி பஸ் ஏறினோம். களியக்காவிளை தாண்டியதும் ஒரு வளைவில் பஸ் இருமி நின்றது. ஜப்பானில் ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கண்டக்டர் எங்களைப் பார்த்து, "மூணு நேரமும் திங்கியளல்லா, எறங்கித் தள்ளுங்க" என்றார். யசுவோ சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் கையைக் கொடுத்தார்கள். நான் பஸ்ஸைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்கு உயிர் வந்தது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்று டிரைவர் நிறுத்தாமல் மெல்ல உருட்டிக்கொண்டே போக, ஆண்கள் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். யசுவோவும் தொற்றிவிட்டார். ஒரு செருப்பு ரோட்டில், மூச்சு தொண்டையில் என்று நான் மட்டும் விடுபட்டேன். ஆட்டோ பிடித்து மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தால், பஸ் ஸ்டாண்டில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார், கையில் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரி. ஒரு வார்த்தை பாஷை தெரியாது.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒம்ம ஆளா? ஒத்தைக்கே வண்டிய தள்ளிப்போட்டாரு. நீரு எதுக்கு கூட வாறீரு?"

நான் யசுவோவின் பழம்பொரியில் பாதியைப் பிய்த்துக்கொண்டேன்.

வீட்டில் லீலா மரச்சீனிக் கிழங்கு அவித்து மத்திக் கறி வைத்திருந்தாள். ஜப்பானில் நூடுல்ஸைச் சத்தம் கேட்க உறிஞ்சிக் குடித்தால்தான் சமைத்தவருக்கு மரியாதை. யசுவோ மீன்கறிச் சாற்றை அப்படி உறிஞ்ச, லீலா அடுக்களையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். எரிக்கிறதா என்று கேட்டாள். நான் விஷயத்தை விளக்கினேன். "அப்போ கெட்டின நாள்லருந்து நீங்க எனக்க கறிக்கு ஒரு மரியாதயும் தரல்ல" என்றாள். அன்றிலிருந்து நானும் உறிஞ்சுகிறேன். மரியாதை கூடியிருக்கிறது. சட்டையில் கறையும் கூடியிருக்கிறது.

மறுநாள் மழை. மழைக்கு ரப்பர் வெட்டு கிடையாது என்பதால் பக்கத்து வீடுகளில் உள்ளவர்கள் எல்லாரும் எங்கள் முற்றத்துக் கூரைக்கடியில் வந்து ஜப்பான்காரரின் காதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சண்டைத் தொழில் எப்படி வந்தது என்று லீலா கேட்கச் சொன்னாள். அவர் சொன்னார், எனக்குப் புரிந்த அளவுக்கு நான் தமிழாக்கினேன். புரியாத இடத்தில் சொந்தமாகப் போட்டேன். கீழே உள்ளது புரிந்த பாகம்.

பதினைந்து வயதில் அவர் ஒரு மல்யுத்தக் கூடத்தில் சேர்ந்தார். பெரியவர்களின் துணி துவைப்பது, பெரிய சட்டியில் மீனும் காயும் போட்டுக் கொதிக்கவைப்பது, வியர்வை தரையில் குளம் கட்டும்வரை உட்கார்ந்து எழுந்திருப்பது, இதுதான் படிப்பு. மேடையில் நடக்கும் மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்னாலேயே பேசி வைத்திருப்பார்கள். விழுவது மெய், முடிவு மட்டும் பேசி வைத்தது. ஆனால் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு மெய்யான பூட்டுகளையும் கற்றுக்கொடுப்பார்கள். யாராவது வெளியாள் சவால் விட்டு வந்தால் கை காட்ட வேண்டுமே.

கதவுக்குள்ளே மெய், மேடையிலே பொய் என்றால் இளவட்டங்களுக்கு எத்தனை நாள் பொறுக்கும்? சிலர் பிரிந்துபோய்த் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். அங்கே அடி பார்க்க மெய் போலவே இருந்தது, ஜனம் நம்பியது. அதிலிருந்தும் சிலர் பிரிந்தார்கள். இவர்கள் மெய்யாகவே பேசி வைக்காமல் மோதினார்கள். சில நாள் ஜனங்கள் வாங்கின பொரியைப் பிரிப்பதற்குள் சண்டை முடிந்துவிடுமாம். பிறகு பிரேசிலிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்து, ஜப்பானின் மிகப் பெரிய மல்யுத்த நட்சத்திரம் ஒருவரைக் கையை மடக்கித் தோற்கடித்தார். நாடு அழுதது. அழுத கையோடு டிக்கெட்டும் வாங்கியது. பழிவாங்குவதைப் பார்க்க வேண்டுமல்லவா? மைதானங்கள் நிறைந்தன. வருடக் கடைசி நாள் குடும்பமே உட்கார்ந்து பாட்டுக் கச்சேரி பார்க்கிற நாட்டில், அடுத்த சானலில் சண்டை ஓடியது.

கூட்டம் சத்தமே போடாதாம். தரையில் கிடக்கிற ஒருத்தன் முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தினால், அதன் அர்த்தம் தெரிந்து அத்தனை ஆயிரம் பேரும் மெல்லக் கை தட்டுவார்களாம். இந்த இடத்தில் எங்கள் முற்றத்தில் யாரும் நம்பவில்லை. அருமனையில் ஒரு பந்து விளையாட்டுக்கே நடுவரின் குலம் கோத்திரமெல்லாம் வெளியே வந்துவிடும்.

பிறகு ஒரு பத்திரிகை, இந்தக் கம்பெனிகளுக்குப் பின்னால் ரவுடிகளின் பணம் இருக்கிறது என்று எழுதத் தொடங்கியது. டிவிக்காரர்கள் ஒரே நாளில் கைகழுவினார்கள். மிச்சத்தை அமெரிக்காக்காரர்கள் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். சண்டைக்காரர்கள் ஆளுக்கொரு மாடியில் ஜிம் வைத்து, கீழே கறிச் சட்டியில் சுண்ணாம்பு உதிர்க்கத் தொடங்கினார்கள்.

லீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "மெய்யாட்டு அடிக்கப் போறோம்னு பிரிஞ்சு வந்த ஆளுவளும் எடைக்கெடைக்கு பேசி வச்சு அடிச்சாவளா?"

நான் கேட்டுச் சொன்னேன். யசுவோ மழையைப் பார்த்துக்கொண்டு, "சில நாள்" என்றார். "எது அந்த நாள் என்று சண்டை போட்டவர்களுக்கே சில சமயம் தெரியாது. ஒருத்தனுக்கு மட்டும் சொல்லியிருப்பார்கள்."



அடுத்த நாள் சுசீந்திரம் கூட்டிப்போனேன். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நான் கழற்றினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை, பார்க்கவும் ஒன்றும் இல்லை. யசுவோ கழற்றினார். உள்ளே அனுமாரைப் பார்க்க நின்ற வரிசை பாதிக்குமேல் இவர் பக்கம் திரும்பியது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது வயலைப் பார்த்துக்கொள்கிறாராம், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டிவியில மல்லுப் புடிக்காவல்லா, அந்தக் கூட்டமா?"

ஆமாம் போலத்தான் என்றேன்.

"அது எல்லாம் பேசி வச்சு அடிக்கது தானவே?"

அதுதான் இவருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்தக் கோவிலில் கைமுக்கு என்று ஒன்று உண்டு என்றார். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கிற நெய்யில் கையை முக்கச் சொல்வார்கள். கை வேகாவிட்டால் அவர் சொன்னது மெய். பிறகு மகாராஜா ஒருவர் அதை நிறுத்திவிட்டார். நான் இதை யசுவோவுக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, அந்த நெய் இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கிண்டல்தான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை முட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே சவரி இருக்கிறான். பஹ்ரைனில் அவன் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தான், நான் கேம்பில் கஞ்சி வைத்தேன், என் கஞ்சியைக் குடித்தும் உயிரோடு ஊர் திரும்பியவர்களில் ஒருத்தன். ஆள் கதவு நிறைய வருவான். வடம் இழுப்புப் போட்டியில் ஊர்க் கூட்டத்துக்கு அவன்தான் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்கிறவன். அவனை யாரும் இழுத்து நான் பார்த்ததில்லை. ஊரில் மாதா கோவில் திருநாள். சாப்பிட வா என்று கூப்பிட்டிருந்தான்.

யசுவோ என்று பெயர் சொன்னதும், 'யேசுவே' என்று காதில் விழுந்ததோ என்னவோ, சவரியின் பெண்டாட்டி ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். கரையில் அப்போதுதான் வந்த கணவாய் மீனைப் பார்த்ததும் யசுவோவின் கண் கலங்கிவிட்டது. கத்தி வாங்கி மெல்லிசாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து, பச்சையாக வாயில் போட்டார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். ஜெசிந்தா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவந்தாள். "ஒங்க கூட்டுக்காரருக்கு வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊருக்குத்தான் அண்ணே கேடு" என்றாள். யசுவோ அதையும் சாப்பிட்டார். இரண்டும் நன்றாக இருந்தது, ஆனால் இரண்டும் வேறு வேறு மீன் என்றார்.

வினை திருநாள் கமிட்டிச் செயலாளர் ரூபத்தில் வந்தது. ஜப்பானிலிருந்து சண்டைக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். நானும் ஏதோ தலையாட்டினேன். சாயா குடித்து முடிப்பதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார், சாயங்காலம் வடம் இழுப்பு முடிந்ததும் நமது சவரியும் ஜப்பான் நாட்டு வீரரும் மணலில் மோதுவார்கள், முதுகு மண்ணில் பட்டவர் தோற்றவர், பரிசு ஒரு ஏத்தன் வாழைக்குலை. ஜப்பானில் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்னால் மண்டபம் பார்ப்பார்கள். இங்கே சண்டைக்கு ஒரு சாயா போதும்.

யசுவோவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னை ஒதுக்குப்புறமாக, கரையேற்றியிருந்த ஒரு மீன்பிடி வள்ளத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் ரகசியமாகப் பேசினார். சின்ன வயதில் கூடத்தோடு கிராமம் கிராமமாகப் போவார்களாம். உள்ளூர்க்காரன் மேடையேறினால் அவனை அழகாகக் காட்டிவிட்டு வருவதுதான் வெளியூர்க்காரனுக்கு மரியாதை. "இது அவர் ஊர். அவர் மனைவி பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நல்லபடியாக விழுகிறேன். அவரிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்."

சரி என்று திரும்பினால், வள்ளத்தின் மறுபக்கம் சவரி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"லே செல்வா, ஆருட்டயும் பறஞ்சிராத. நான் விழப்போறேன்."

ஏன் என்றேன்.

"எத்தன தூரத்துலருந்து வந்த மனுசன். நம்ம திருநாளுக்கு வந்த விருந்தாளிய நம்ம மண்ணத் திங்க வச்சா நல்லாவா இருக்கும்? ஜெசிந்தாவும் அதத்தான் சொல்லுதா. அங்க அந்தாளுக்க பெண்டாட்டி கேட்டா என்ன நெனைப்பாங்குதா."

இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். மோதி முடியும்வரை இரண்டு வாக்கையும் காப்பாற்றினேன். ஒருத்தரிடம் சொல்லியிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இப்படி ஒன்றைப் பார்க்க மறுபடி எப்போது கொடுத்துவைக்கும்?

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் மணலில் கயிற்றால் வட்டம் போட்டார்கள். ஊரே நின்றது. பாதிரியார் நாற்காலியில் இருந்தார். விசில் ஊதினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்தார்கள். உடனே யசுவோ பின்பக்கமாகச் சரிந்தார். அதே நொடியில் சவரியும் பின்பக்கமாகச் சரிந்தான். கையை விடாததால் இரண்டு பேரும் கிணற்று ராட்டினத்தின் இரண்டு வாளிபோல ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றார்கள். ஆளுக்கொரு வியப்பு முகத்தில்.

யசுவோ ஒரு முழங்காலைக் கீழே வைத்து, மல்லாக்கச் சாய வசதி பண்ணிக்கொண்டார். சவரி அதைக் கண்டு பயந்துபோய் அவரைத் தூக்கி நிறுத்தினான். நிறுத்திவிட்டு, தானே தடுக்கியதுபோல் சரிந்தான். யசுவோ அவன் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். கல்யாணப் பந்தியில் ஒருவரையொருவர் முதலில் உட்காரச் சொல்லும் சம்பந்திகளைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், மணலில்.

ஜனம் முதலில் சிரித்தது. பிறகு முணுமுணுத்தது. எங்கள் ஜனத்துக்கு முழங்கால் நகர்வின் அர்த்தமெல்லாம் தெரியாது, ஆனால் ஏமாற்று தெரியும். பின்னாலிருந்து ஒருத்தன், "பேசி வச்சு அடிக்கானுவ மக்கா" என்று சத்தம் போட்டான். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. யசுவோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எந்த நாட்டிலும் அந்தச் சத்தத்துக்கு ஒரே ராகம்தான் போல. அவர் தோள் விறைத்ததைக் கண்டேன்.

அடுத்த பிடியில் அவர் உடம்பு பழக்கத்தில் தானாக வேலை செய்துவிட்டது. இடுப்பு உள்ளே போனது, சவரியின் கை அவர் தோளுக்கு மேல் வந்தது. வடத்தை விடாத அந்தக் கை அங்கே நின்றிருந்தால் யாராலும் அவனைப் புரட்டியிருக்க முடியாது. சவரி கையை விட்டான். மணலில் தொப்பென்று முதுகு பட விழுந்தான். விழுந்தவன் முகத்தில் நிம்மதி. நின்றவர் முகத்தில்தான் அடி விழுந்ததுபோல் இருந்தது.

ஏத்தங்குலையைத் தோளில் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் பேர் கை தட்டினார்கள், மிச்சம் பேர் சவரியை ஏசினார்கள். ஜெசிந்தா ஏசியவர்களை ஏசினாள். அவள் ஏசியதுதான் அன்றைக்கு நடந்த ஒரே மெய்யான சண்டை.

ஆட்டோவுக்கு நிற்கும்போது யசுவோ கேட்டார். "அவர் விட்டுக்கொடுத்தாரா?"

வாக்குக் கொடுத்திருக்கிறேனே. இல்லை என்றேன்.

"பொய். அவர் கை சொல்லிவிட்டது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்து ஏத்தங்குலைக்குப் பின்னால் தள்ளி நின்றேன். அவர் தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஆட்டோ வந்து, நின்று, போய்விட்டது.

"மேடையில் பேசி வைத்த சண்டையில் இரண்டு பேருக்கும் தெரியும்" என்றார். "அப்போது எதிராளியின் உடம்பு நம் உடம்போடு சேர்ந்து நடக்கும். அது எனக்குப் பழக்கம். ஆனால் எனக்குச் சொல்லாமல் விட்டுக்கொடுக்கிறவனின் கை எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இன்று தெரிந்தது. கடைசி நொடியில் அது காலியாகிவிடுகிறது. உள்ளே ஆள் இல்லாத வீடு மாதிரி."

அடுத்து வந்த ஆட்டோவையும் நான் கை காட்டி அனுப்பிவிட்டேன்.

"அந்த டிசம்பர் ராத்திரி, அவருடைய கை காலியாகவில்லை. நான் மடக்கினேன், அவர் இழுத்தார். எலும்பு முனகுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். அவர் உள்ளே இருந்தார், செல்வன்."

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு திரும்ப சவரி வீட்டுக்கு நடந்தார். வாசலில் சவரி கால் கழுவிக்கொண்டிருந்தான். யசுவோ அவன் முன்னால் இடுப்புவரை குனிந்து நன்றி சொன்னார். சவரி மிரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

"நீ பறஞ்சியாலே?"

"நான் பறயல்ல. ஒனக்க கை சொல்லிச்சாம்."

சவரி தன் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோல நின்றான். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. ஏத்தங்குலையில் பாதியை அவனுக்குக் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டில் மொபைல் எடுக்காது. சாலை முக்குக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒரு காலைக் கல்லில் தூக்கி வைத்தால்தான் எடுக்கும். யசுவோ அப்படியே ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒசாகாவுக்குப் பேசினார். பால் பாத்திரத்தோடு போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள். என்ன சொல்கிறார் என்று என்னிடம் விசாரித்தார்கள்.

"வருகிறேன். பேசி வைத்தபடி அல்ல. என்னை ஜெயிக்க வேண்டுமானால் அவர் ஜெயிக்கட்டும்" என்றார் யசுவோ. அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொன்னது. "இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

லீலா அந்தக் குலையின் காயைச் சீவி உப்பேரி வறுத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. மறுபடி சாலை முக்கு, மறுபடி கல். நடத்துகிறவர் விஷயத்தை நட்சத்திரத்திடம் சொன்னாராம். அவர் ரொம்ப நேரம் சிரித்தாராம். அன்றைக்கே போய் ஓடத் தொடங்கிவிட்டாராம். யசுவோ கல்லிலிருந்து காலை இறக்கி, என் ஊர் ரோட்டில் தானும் ஓடத் தொடங்கினார். ஊர் நாய்கள் கூட ஓடின. லீவு முடியும்வரை தினமும் ஓடினார்கள்.

டிசம்பர் கடைசி நாள், ஜப்பானில் அந்தச் சின்ன மண்டபத்தில், நான் தலைப்பாகையை எடுத்துவிட்டு, தண்ணீர்க் குப்பியோடு அவர் மூலையில் நின்றேன். பாதிக்குமேல் காலி நாற்காலி. இருந்தவர்கள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் யசுவோ அந்தப் பெரிய மனிதரை இரண்டு தடவை கீழே போட்டார். இரண்டாவது சுற்றில் அவர் எப்படியோ அடியிலிருந்து புரண்டு யசுவோவின் கையைப் பிடித்துவிட்டார். யசுவோ இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளப் போன நேரத்தில், பாயில் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு கிழட்டு மனிதர்களும் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்து ஒருவரையொருவர் தலையில் தட்டிக்கொண்டார்கள். ஜனம் மெல்லக் கை தட்டியது. நானும் தட்டினேன், கொஞ்சம் சத்தமாகத் தட்டிவிட்டேன்.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் இரண்டு ரசிகர்கள் பேசிக்கொண்டு போனார்கள். "இரண்டாவது சுற்றில் என்று நான் முன்னாலேயே சொன்னேனே" என்றான் ஒருத்தன். "எழுதி வைத்ததுதான்" என்றான் மற்றவன். எனக்கு ரத்தம் கொதித்தது. குப்பியால் அடிக்கலாமா என்று நினைத்தேன், அவர்கள் உயரத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். யசுவோ கையில் ஐஸ் கட்டியோடு வந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

புது வருடக் காலையில் சவரியிடமிருந்து ஃபோன். பின்னால் கடல் இரைந்தது.

"அவரு ஜெயிச்சாரா?"

"தோத்தாரு."

"மெய்யாட்டா?"

"மெய்யாட்டு. கை ஒடியாதது பாக்கியம்."

சவரி அதை அந்தப் பக்கம் ஜெசிந்தாவிடம் சொல்வது கேட்டது. "அவருட்ட சொல்லு மக்கா. இனி ஒரு திருநாளுக்கு வரட்டும். நானும் மெய்யாட்டு நிப்பேன்."

யசுவோவிடம் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தையும் சொந்தமாகச் சேர்க்காமல். அவர் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியிலிருந்து எழுந்து, என் ஃபோனைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார்.

"லே, என்ன சொல்லுதாரு?" என்றான் சவரி.

"ஒண்ணும் சொல்லல்ல. ஒனக்க முன்ன குனிஞ்சு நிக்காரு."

"நிமிரச் சொல்லுலே. இடுப்பு பத்திரமா இருக்கட்டும்."